பாடம் ஒன்பதில் ஒரு திருத்தம்

வாயை மூடிக்கொண்டு உட்காருவது சுலோச்சனாவுக்குப் பிறந்ததிலிருந்தே வராத வித்தை. பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு போட்ட குடும்பத்துப் பெண். ஆறாவது படிக்கும்போது வாத்தியார் கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கை எழுந்து நின்று சொல்லி, அன்று முழுக்க முட்டி போட்டவள். அதற்கப்புறமும் திருந்தவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமோ படித்தாள். ஒன்பது வருஷம் ஒரு பீங்கான் கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கும் வேலை செய்தாள். முதலாளி “போவட்டும் வுடும்மா” என்று சொன்ன சரக்கையெல்லாம் ஒதுக்கிப் போட்டுக் கெட்ட பேர் வாங்கினாள். கடைசியில் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த ஒரு பயிற்சிக் கூடத்தில் ஒப்பந்த ஆசிரியையாக வந்து சேர்ந்தாள்.

அப்படிப்பட்டவளை 2009 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூளைக்கு இருபதடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார் பாலகிருஷ்ணன். சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வு அதிகாரி அவர். சுலோச்சனாவின் காலுக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு கிழித்தார். “இதைத் தாண்டி வரக் கூடாதுங்க. மாணவர்கள்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா பரீட்சை செல்லாது” என்றார். சுலோச்சனா தலையை ஆட்டினாள்.

இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சூளை, ஒரே பரீட்சை. மின்பெட்டியில் ஃபியூஸ் கம்பி மாட்டுகிற பீங்கான் பீஸ் கட்டையை ஆளுக்கு ஒன்றாகத் தங்கள் கையாலேயே வார்த்து, சீவி, பளபளப்புப் பூச்சில் முக்கி உள்ளே அடுக்கியிருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கேஸ் பற்ற வைத்தாயிற்று. சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 1220 டிகிரிக்கு வர வேண்டும். வந்ததும் முக்கால் மணி நேரம் ஏறாமல் இறங்காமல் அங்கேயே நிற்க வேண்டும். அப்புறம்தான் தீயை அணைக்க வேண்டும். மறுநாள் திறந்து பார்த்து, சரக்கு வெந்திருந்தால் இருபத்திரண்டு பேருக்கும் சான்றிதழ். வேகாவிட்டால் ஆறு மாதப் படிப்பும் மண்ணோடு மண்.

அந்தச் சான்றிதழ் அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், பீங்கான் கம்பெனிகளில் வேலை நடக்கிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பெண்கள் அச்சில் மண் குழம்பு ஊற்றுவார்கள், பிசிறு சீவுவார்கள், பூச்சில் முக்குவார்கள், பெட்டியில் அடுக்குவார்கள். சூளைப் பக்கம் மட்டும் விட மாட்டார்கள். சூளை தெரியாதவர்களுக்கு சூப்பர்வைசர் வேலை கிடையாது. சூளையைக் கற்றுக்கொள்ளலாமென்றால் சூளைக்காரர்கள் கிட்டே சேர்க்க மாட்டார்கள். எங்காவது போய்ப் படிக்கலாமென்றால் திங்கள் முதல் சனி வரை வேலை. இப்படி எல்லாக் கதவும் சாத்தியிருந்ததைப் பார்த்துத்தான் சுலோச்சனா ஒரு திட்டம் போட்டாள்.

பாடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது. வேலை விட்டு வரும் வழியில் ஏதாவதொரு பிரவுசிங் சென்டரில் அரைமணி உட்கார்ந்து படித்து, அங்கேயே கேட்கிற கேள்விகளுக்குப் பதிலை அமுக்கிவிட்டுப் போவது. ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு வந்து அதையே கையால் செய்து பார்ப்பது. கண்ணால் படிப்பதற்கு நீலம், கையால் படிப்பதற்குச் சிவப்பு என்று ஒரு பெரிய சார்ட் போட்டாள். எது நீலம் எது சிவப்பு என்று பிரிப்பதற்குள் ஒரு மாதம் மண்டை காய்ந்தது. மண் சேர்மானத்தின் கணக்கு நீலம். மண்ணின் பதம் சிவப்பு, அதைத் தொட்டுப் பார்க்காமல் எவனாலும் சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே “இது நீலமா செவப்பா” என்று முணுமுணுத்து ஒரு படி சோற்றைக் குழைய விட்டாள் என்று அவள் புருஷன் அறிவழகன் ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தான்.

ஊரும் சேர்ந்துதான் சிரித்தது. “கம்ப்யூட்டருல பாத்து சூளை போடப் போறாங்களாம்டா. ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஒதவுமா?” என்று தொழிற்பேட்டை டீக்கடையில் சூளைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தர்கூடச் சேரவில்லை. சேர்ந்த இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் பெண்கள். மூத்தவள் பாஞ்சாலை, நாற்பத்து மூன்று வயசு. கம்மாபுரம் பக்கம் நிலமிருந்த குடும்பம். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு விருத்தாசலத்துக்கு வந்து பத்து வருஷமாகப் பூச்சில் முக்குகிற வேலை. பத்தாவது வரை படித்தவள். சுலோச்சனாவைவிட ஏழு வயசு பெரியவள் என்பதால் சுலோச்சனா அவளை அக்கா என்பாள். பரீட்சைக்குக் குழுத் தலைவி யார் என்று பாலகிருஷ்ணன் கேட்டபோது எல்லாரும் அவளைத்தான் காட்டினார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கம்பத்தில் மாட்டியிருந்த, சூடு காட்டுகிற பேட்டரி மீட்டர் 1080 காட்டியது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுலோச்சனாவுக்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வந்து, கொண்டுவந்த தயிர்சோற்றை நாற்காலியிலேயே வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அப்போதுதான் பாஞ்சாலை அடுத்த கட்ட வேலையைப் பிரித்துக் கொடுப்பது அவள் காதில் விழுந்தது.

“1220 வந்தவொடனே நான் கேஸ மூடிடறேன். தமிழ்மணி, நீ பொக போற கதவ இறுக்கி அடச்சிடு. காத்து உள்ள போவக் கூடாது.”

தமிழ்மணி பேக்கிங்கில் வேலை பார்ப்பவன், முப்பது வயசு, எதையும் இரண்டு தரம் கேட்பவன். “மூடிட்டு?” என்றான்.

“மூடிட்டு முக்கா மணி நேரம் ஊறட்டும். சோறு வடிச்சி மூடி வெக்கிறமில்ல, அந்த மாதிரி. அந்தச் சூட்டுலயே உள்ள வெந்துக்கும்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட “அப்படியா” என்று கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் அதே புரிதல்தான் என்று தெரிந்ததும் சுலோச்சனா சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

தீயை அணைத்தால் அந்தச் சின்னச் சூளையில் முக்கால் மணி நேரத்துக்குள் நூறு நூற்றைம்பது டிகிரி இறங்கிவிடும். மேல்பூச்சு அரைகுறையாக உருகி நிற்கும், உள்ளே கட்டை வேகாது. வேகாத கட்டை ஈரத்தைக் குடிக்கும், ஈரம் குடித்த பீஸ் கட்டையில் மின்சாரம் கசியும். குப்பையில் போடத்தான் ஆகும். இருபத்திரண்டு பேரும் சேர்ந்து செய்யவிருந்த தப்பு அது. அந்தத் தப்பின் வேர் எங்கே இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் பாடம். நான்காவது பத்தி. “1220 டிகிரி வந்ததும் 45 நிமிடம் ஊற வைக்கவும்.”

அவள் கையால் எழுதிய வரி. சூட்டை ஒரே அளவில் நிறுத்துவதற்கு முதலில் அவள் ‘சோக்கிங்’ என்றுதான் எழுதியிருந்தாள். டிப்ளமோவில் அப்படித்தான் படித்தாள், கம்பெனியில் சூளைக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பாடத்தில் ஆங்கிலச் சொல் வரக் கூடாது என்பது கூடத்தின் விதி. ஒருங்கிணைப்பாளர் கலியபெருமாள் அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். மறுநாள் பத்தாம் பாடம் கொடுக்க வேண்டிய அவசரம். அகராதியைப் புரட்டினாள், ‘ஊற வை’ என்று இருந்தது, எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். அரிசி ஊறுவதும் உளுந்து ஊறுவதும் தொட்டியில் மண் ஊறுவதும் தினம் பார்க்கிற பெண்கள் அதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் ஊறுவதென்றால் மூடி வைத்து விட்டுவிடுவது என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்?

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சூளையைக் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெளிந்திருக்கும். ஆனால் நவம்பர் மழையில் மணிமுத்தாறு கரைபுரண்டு இரண்டு ஞாயிறு வகுப்பு நடக்கவில்லை. பிப்ரவரிக்குள் முடிக்க வேண்டுமானால் ஏதாவதொரு பாடத்தின் ஞாயிறை வெட்ட வேண்டும். சுலோச்சனா மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாள். ஒன்பதாம் பாடத்தில் இருபத்திரண்டு பேரும் நூற்றுக்கு நூறு. ‘எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும்’ என்ற கேள்விக்கு எல்லாரும் 45 நிமிடம் என்பதைச் சரியாக அமுக்கியிருந்தார்கள். சந்தேகம் எழுதுகிற கட்டமும் காலியாக இருந்தது. இதற்கு எதற்கு இன்னொரு ஞாயிறு என்று அதைத்தான் வெட்டினாள். பூச்சில் முக்குவதற்கு முந்தின முதல் சுடுதல் மட்டும் அவர்கள் கையால் செய்து பார்த்திருந்தார்கள், அதில் சூட்டைப் பிடித்து வைக்கும் வேலையே கிடையாது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே இருபத்திரண்டு பேரைச் சேர்த்துச் சுடப் போகிறது.

மீட்டர் 1104.

அவள் கையைக் கழுவிவிட்டு, கோட்டைத் தாண்டாமல் பின்பக்கமாகச் சுற்றி அலுவலக அறைக்குப் போனாள். கலியபெருமாள் ஃபேன் ஓடாத அறையில் தினத்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் தினமும் கரண்ட் போகிற நேரம். மனுஷர் கெட்டவரில்லை. இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவர், அதுவரை ஒரு காகிதமும் தன் பக்கம் பறந்து வரக் கூடாது என்று வாழ்பவர். சுலோச்சனா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் விசிறுவதை நிறுத்தினார்.

“யாருகிட்டயாவது சொன்னியாம்மா?”

“உங்ககிட்டதான் சார் மொதல்ல.”

“அப்ப கடைசியும் நானாவே இருக்கட்டும். இங்க பாரு. எல்லாரும் நூத்துக்கு நூறு. அது கம்ப்யூட்டருல இருக்குது, யாராலயும் மாத்த முடியாது. நாம சொல்லிக் குடுத்தோம்னு அதுதான் சாட்சி. சூளை வேவலன்னா படிச்சவங்க சரியா செய்யலன்னுதான் எழுதுவாங்க. நம்ம மேல ஒரு தூசு படாது.”

“அவங்க மேல படுமே சார்.”

“படும்தான். ஆறு மாசம் கழிச்சி திரும்ப எழுதட்டும். நீ இப்ப போயி பாடமே தப்புன்னு சொன்னா படிப்பையே மூடிடுவாங்க. உன் ஒப்பந்தம் மார்ச்சோட முடியுது. ஞாபகம் இருக்குதா?”

ஞாபகம் இல்லாமல் என்ன. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்ற நிலைமை. அதைவிட மோசம், அவர் சொன்னதில் பாதி உண்மையாக இருந்ததுதான். அந்த நூறுகள் அவளைக் காப்பாற்றும். ஒரு வார்த்தையும் பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாலே போதும், பரீட்சை விதியும் அதைத்தான் சொல்கிறது. ஒரு நிமிஷம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசை வந்ததை நினைத்துப் பிற்பாடு ரொம்ப நாள் கூசிப்போனாள்.

திரும்பி வந்தபோது மீட்டர் 1131. பாஞ்சாலை கேஸ் குழாய்க்குப் பக்கத்தில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். நோட்டில் நேரத்தையும் சூட்டையும் எழுதி எழுதி, தப்பில்லையே என்று மற்றவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தாள். சுலோச்சனா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பாலகிருஷ்ணனிடம் நேராகப் போனாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“நீங்க பேசக் கூடாதுன்னு சொன்னேனே.”

“அவங்ககிட்ட பேசல சார். உங்ககிட்டதான் பேசறேன். பரீட்சை ஹால்ல கேள்வித்தாள்ல பிழை இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“திருத்தம் படிப்போம்.”

“பாடத்துல பிழை இருக்குது சார். அவங்க பிழையில்ல, நான் பண்ணது. திருத்தம் படிக்கணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி, ஒன்பதாம் பாடத்தின் அச்சுத்தாளை வாங்கி, அந்த வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார். அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. பிறகு மெதுவாகப் பேசினார். “இதை நான் சும்மா வாயால சொல்ல முடியாதுங்க. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். அந்தக் காகிதம் என் ரிப்போர்ட்டோட போகும். நூத்துக்கு நூறு வாங்கின பாடத்துல பிழைன்னா மத்த பதினோரு பாடத்தையும் சந்தேகப்படுவாங்க. முதல்ல உங்களைத்தான் பிடிப்பாங்க. யோசிச்சுக்குங்க.”

“யோசிச்சிட்டேன் சார்.”

“அந்தச் சொல்லுக்குப் பதில் சொல் மட்டும்தான் எழுதலாம். எப்படிச் செய்யணும்னு ஒரு வார்த்தை கூடுதலா இருந்தாலும் நான் படிக்க மாட்டேன்.”

காகிதத்தை வாங்கி உட்கார்ந்தவளுக்குப் பேனா ஓடவில்லை. பதில் சொல் எது? ‘சோக்கிங்’ என்றால் அவர்களுக்குத் தெரியாது, அந்த ஞாயிறுதான் நடக்கவேயில்லையே. ‘நிலைநிறுத்தல்’ என்று எழுதிப் பார்த்தாள். அது மேடைப் பேச்சுக்கு ஆகும், பாஞ்சாலைக்கு ஆகாது. அடித்தாள். ‘தாமதித்தல்’, அதையும் அடித்தாள். மீட்டர் 1158 என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். பாஞ்சாலை பக்கத்தில் நின்று “அப்புடின்னா என்ன டீச்சர்?” என்று கேட்டால் தான் என்ன சொல்வோம் என்று யோசித்தாள். அதை அப்படியே எழுதினாள். ‘பாடம் ஒன்பது, பத்தி நான்கு. ஊற வைத்தல் என்ற இடத்தில், சூடு ஏறாமலும் இறங்காமலும் பிடித்து வைத்தல் என்று படிக்கவும். இது பாடம் தயாரித்த என் பிழை.’ கீழே கையெழுத்துப் போட்டாள். 

பாலகிருஷ்ணன் அதை வாங்கிக்கொண்டு, தலைமையிடத்தைக் கேட்காமல் படிக்க முடியாது என்று செல்போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? மணி அடித்து அடித்து நின்றது. மேலதிகாரியின் வீட்டு எண்ணைப் போட்டார். அவர் குளிக்கப் போயிருக்கிறார், பத்து நிமிஷத்தில் வருவார் என்றது ஒரு பெண் குரல். மீட்டர் 1187. சுலோச்சனா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் சூளை பிழைக்கும், பரீட்சை சாகும். சொல்லாவிட்டால் சூளையும் சாகும். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

1203. தமிழ்மணி புகைக்கதவின் கம்பியில் கையை வைத்துத் தயாராக நின்றான். பாஞ்சாலை கேஸ் குழாயின் திருகைப் பிடித்துக்கொண்டாள். பாலகிருஷ்ணன் செல்போனைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சூளைப் பக்கம் நடந்தார். பத்து நிமிஷம் குளிக்கிற மனுஷனுக்காகச் சூளை காத்திருக்காது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

“எல்லாரும் கவனிங்க. ஒரு திருத்தம்” என்று காகிதத்தைப் படித்தார். பத்திரம் படிக்கிற குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. தீயின் இரைச்சலில் பாதி அமுங்கிப் போயிற்று.

மீட்டர் 1209.

“இன்னொருவாட்டி படிங்க சார்” என்றாள் பாஞ்சாலை.

படித்தார். அவள் திருகை விடாமல் தலையைத் திருப்பிச் சுலோச்சனாவைப் பார்த்தாள். சுலோச்சனா சட்டென்று தரையைப் பார்த்துக்கொண்டாள். கண்ணால்கூடச் சொல்லிவிடக் கூடாது என்று பயம். சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

“புடிச்சி வெக்கிறதுன்னா…” பாஞ்சாலையின் குரல் தயங்கியது. “மூடிட்டா எறங்கிடுமேடா. எறங்காம எப்புடிப் புடிக்கிறது? அப்ப தீ இருக்கணும். ஏய் தமிழ்மணி, கதவுலருந்து கைய எடு. அடைக்காத.”

“அப்ப ஊறல் இல்லியா?”

“இல்லடா. அதத்தான் மாத்திட்டாங்களே. தீயக் கொறைக்கணும், அணைக்கக் கூடாது. நீ மீட்டரப் பாத்து சொல்லிக்கிட்டே இரு.”

சுலோச்சனாவுக்கு அழுகை வந்தது. முந்தானையால் வியர்வையைத் துடைப்பது மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த முக்கால் மணி நேரம் நகர்ந்த கதை பெரிய கதை. 1220 வந்ததும் பாஞ்சாலை திருகைக் கொஞ்சம் தணித்தாள். 1231 வரை போய்விட்டது. இன்னும் தணித்தாள். 1212-க்கு விழுந்தது. “ஏத்து, ஏத்து” என்று நாலு பேர் கத்தினார்கள். “எல்லாரும் கத்தாதீங்க, ஒருத்தரு சொல்லுங்க” என்று அதட்டிவிட்டு ஒரு மயிரிழை திருப்பினாள். அதற்கு முன்னால் அவள் இப்படித் தீயைப் பிடித்ததே இல்லை. கால் மணிக்கப்புறம் கைக்கு வசப்பட்டது. 1218, 1221, 1219 என்று மீட்டர் அங்கேயே தத்திக்கொண்டு நின்றது. நாற்பத்தைந்தாவது நிமிஷம் திருகை முழுக்க மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் சூளையைத் திறந்தார்கள். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு இருபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். கட்டைகள் பாலாடை நிறத்தில் பளபளவென்று இருந்தன. பளபளப்பை நம்பி ஏமாறுகிற ஆளில்லை பாலகிருஷ்ணன். ஒரு கட்டையை எடுத்துச் சுத்தியலால் உடைத்தார். அது பாஞ்சாலை செய்தது. உடைந்த முகத்தில் சிவப்பு மையைக் கொட்டினார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேகாத கட்டையானால் மை உள்ளே இறங்கிவிடும். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தபோது சிவப்பு முழுக்கத் துணியோடு வந்துவிட்டது, கட்டை வெள்ளையாக இருந்தது.

“ஊறலீங்க சார்” என்றான் தமிழ்மணி. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாலகிருஷ்ணன்கூட.

இருபத்திரண்டு பேரும் தேறினார்கள். படிப்பையும் மூடவில்லை. பன்னிரண்டு பாடங்களையும் வேறொருவர் திருத்த வேண்டும், பாடம் தயாரித்தவரின் ஒப்பந்தம் மார்ச்சுக்குப் பிறகு நீட்டிக்கப்பட மாட்டாது என்று கடிதம் வந்தது. கலியபெருமாள் அதைக் கொடுக்கும்போது “நான் அன்னிக்கே சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சுலோச்சனா பழையபடி ஒரு கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கப் போனாள். வேலை தெரிந்த வேலைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் எங்கேயோ போக வேண்டும் என்று கால் பரபரக்கும், அப்புறம்தான் ஒன்றுமில்லை என்று நினைவு வரும். அந்த நேரங்களில் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது, எரிந்து விழுவாள்.

ஜூன் மாதம் பாஞ்சாலை அவள் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கையிலிருந்த கவரை நீட்டினாள்.

“ரெண்டாவது செட்டு ஆரம்பிக்கிறாங்களாம் டீச்சர். ஞாயித்துக்கெழம வகுப்புக்கு என்னை வரச் சொல்லி ஆர்டர் குடுத்துருக்காங்க. உங்க எடத்துக்கு. நீங்க வேணான்னா நான் போவ மாட்டேன்.”

சுலோச்சனா கடிதத்தைப் படித்தாள். வயிற்றெரிச்சல் என்பார்களே, அது நிஜமாகவே வயிற்றில்தான் எரிகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டாள்.

“அந்த ஊற வைக்கிறது ஒங்களுக்குப் புரியலன்னா அப்பவே கேட்டிருக்கலாமில்லக்கா? சந்தேகம் எழுதறதுக்குன்னு கட்டம் வெச்சிருந்தேனே.”

“புரியலதான். தண்ணியில்லாம என்னாத்த ஊறுறதுன்னு நெனச்சேன். ஆனா எனக்கு டைப்பு அடிக்கத் தெரியாதே டீச்சர். எந்த எழுத்து எங்க கெடக்குதுன்னே தெரியாது. பதில மட்டும் அந்த சென்டர் பொண்ணு சௌந்தர்யாவ அமுக்கச் சொல்லுவேன். எங்கள்ல முக்காவாசிப் பேரு அப்புடித்தான். சந்தேகத்த ஞாயித்துக்கெழம நேர்ல கேட்டுக்கலாம்னு வெச்சிருந்தோம். அந்த ஞாயித்துக்கெழமதான் வர வேணான்னுட்டீங்க.”

காலியாக இருந்த அந்தக் கட்டத்தைப் பார்த்து, எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டது சுலோச்சனாவுக்கு நினைவு வந்தது. பாஞ்சாலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் பெண்ணாடம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“எப்ப சேரணும்?” என்றாள் சுலோச்சனா.

“வர்ற ஞாயித்துக்கெழம.”

“போங்கக்கா.”

“உங்களுக்கு மனசுல வருத்தம் இல்லியே?”

“இருக்குது. ஏன் இல்லாம?” கடிதத்தை மடித்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். “வேற யாராவது போனாங்கன்னா இன்னும் அதிகமா இருக்கும். அவங்களுக்கு டைப்பு அடிக்கத் தெரிஞ்சிருக்கும், அந்தக் கட்டம் ஏன் காலியா கெடக்குதுன்னு தெரியாது. நீங்களே போங்க.”